தவறாகக் கொடுத்த பெனால்டி

பதினாறு வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் கால்பந்து நடுவர். மற்ற ஆறு நாட்களும் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் பம்புகளைப் பிரித்துப் பூட்டும் ஃபிட்டர். தொழிற்சாலையில் என்னை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. ஆனால் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்த மைதானத்துக்குள் நுழைந்தாலும் "ரெஃப்ரி பாய் வந்துட்டாருப்பா" என்று ஒரு குரல் கேட்கும். எனக்கு அது பெரிய விஷயம்.

சர்க்கரை இருப்பது முப்பத்தெட்டு வயதில் தெரிந்தது. ஒன்பது வருடம் மாத்திரையில் ஓட்டினேன். அதன் பிறகு மாத்திரைக்கு அடங்கவில்லை. அரசு மருத்துவமனையில் இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வயிற்றில் நானே குத்திக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். வீட்டில் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். தொழிற்சாலையில் சொல்லவில்லை. நடுவர் குழுவில் நிச்சயமாகச் சொல்லவில்லை. ஊசி போடுகிற ஆளுக்கு யார் விசில் கொடுப்பார்கள் என்று பயம். தொண்ணூறு நிமிடம் ஓடுகிறவன் என்பதுதான் அங்கே என் ஒரே தகுதி.

அந்தப் பயத்தில்தான் எல்லாம் நடந்தது.

போன வருடக் கோடையில் திருவொற்றியூரில் ஓர் அரையிறுதி ஆட்டம். ஒரு பக்கம் கத்திவாக்கம் பக்கத்து மீனவர் குப்பத்து அணி, மறுபக்கம் தண்டையார்பேட்டை அணி. காலை ஏழரைக்கு ஆட்டம். ஆறு மணிக்கு வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டேன். மனைவி நான்கு இட்லி வைத்தாள். நேரமாகிவிட்டது என்று ஒன்றரை இட்லியோடு எழுந்துவிட்டேன். வழியில் ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வழியில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் மைதானத்துக்கே ஓடித்தான் சேர்ந்தேன்.

முதல் பாதி நன்றாகப் போனது. கோல் இல்லை. இடைவேளையில் தண்ணீர் மட்டும் குடித்தேன். இரண்டாம் பாதியில் பதினைந்து நிமிடம் போயிருக்கும், கழுத்துக்குப் பின்னால் வியர்வை ஊற்ற ஆரம்பித்தது. வெயில் வியர்வை சூடாக இருக்கும். இது குளிர்ந்திருந்தது. விரல்கள் நடுங்கின. எதிரில் வருகிறவர்கள் இரட்டையாகத் தெரிந்தார்கள். உட்கார வேண்டும் என்று உடம்பு சொன்னது. ஆனால் புத்தி அந்த நேரத்தில் உடம்போடு பேசுவதை நிறுத்திவிடுகிறது. அதுதான் இந்தத் தாழ்சர்க்கரையின் சூது. எனக்கு ஒன்றுமில்லை, சுற்றியிருக்கிறவர்கள்தான் சரியில்லை என்று தோன்றும். காரணமில்லாமல் கோபம் வரும்.

தண்டையார்பேட்டை முன்கள ஆட்டக்காரர் பந்தோடு உள்ளே வந்தார். குப்பத்து அணியின் கோல்கீப்பர் முன்னால் பாய்ந்து பந்தைச் சுத்தமாக எடுத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. நான் விசில் ஊதிவிட்டுப் பெனால்டி புள்ளியைக் காட்டினேன். ஏன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

கோல்கீப்பர் என்னிடம் ஓடி வந்தார். இருபத்தெட்டு வயதிருக்கும், உயரமான ஆள்.

"இன்னா பாய் இது? பால தான எட்த்தேன்? ஆள தொடக்கூட இல்லியே!"

நான் சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து நீட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் பாதி மற்றவர்கள் சொல்லித் தெரிந்ததுதான். பெனால்டி கோலானது. நடுவட்டத்துக்குப் போக வேண்டிய நான் மூலைக் கொடியை நோக்கி நடந்தேனாம். லைன்ஸ்மேன் கூப்பிட்டதற்கு அவரைத் திட்டினேனாம். கால் பின்ன ஆரம்பித்ததும் கூட்டத்தில் ஒருவர் கத்தினார்: "ரெஃப்ரி தண்ணி போட்டுகினு வந்துகீறாருடா!" அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பதில் சொல்ல வாயெடுத்தேன். நாக்கு குழறியது. அது அவர்கள் சந்தேகத்தை உறுதியாக்கிவிட்டது. புல்லில் உட்கார்ந்தேன், சாய்ந்தேன்.

என்னைச் சுற்றி நின்றவர்களை விலக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். அந்தக் கோல்கீப்பரின் தாய். மீன் வியாபாரம் செய்கிறவர். மகன் ஆட்டத்தைப் பார்ப்பதற்காக அன்று வியாபாரத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்திருந்தார்.

"தள்ளுங்கடா. தண்ணியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எங்க வூட்டுக்காரருக்கு வர்ற மாதிரியே கீது. சக்கர எறங்கிச்சுடா. யார்னா போய் பன்னீர் சோடா வாங்கியா, ஓடு!"

யாரோ வாங்கி வந்தார்கள். அவர் என் தலையைத் தூக்கி, வாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். "முழுங்கு பாய். ஊம், முழுங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் உலகம் மெல்லத் தன் இடத்துக்கு வந்தது. முதலில் தெரிந்தது அவர் சேலையிலிருந்த மீன் வாசனை. அடுத்துத் தெரிந்தது, கோட்டுக்கு வெளியே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அவர் மகன்.

வேறொருவர் மீதி ஆட்டத்தை நடத்தினார். குப்பத்து அணி அந்த ஒரு கோலில் தோற்றது.

நடுவர் குழுச் செயலாளர் என்னைத் தனியாக அழைத்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். அந்த அம்மாள் அத்தனை பேர் முன்னால் சொன்ன பிறகும், "வெயில்ண்ணே, தலை சுத்திடுச்சு" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. ஆனால் மேலே கேட்கவும் இல்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு பாய்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

குடித்துவிட்டு விசில் ஊதினான் என்ற பேச்சு என்னைவிட வேகமாக வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவனில்லை நான். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது பெரியவர் ஒருவர் தாழ்ந்த குரலில், "கேள்விப்பட்டேன். உண்மையா இருக்காதுன்னு நெனைக்கிறேன்" என்றார். அவர் சொன்னதைவிட அந்தத் தாழ்ந்த குரல்தான் சுட்டது.

மூன்றாம் நாள் மனைவி மார்க்கெட்டிலிருந்து வந்து பையைக் கீழே போட்டாள்.

"காய்கறி கடையில ஒருத்தி கேக்குறா, உங்க வூட்டுக்காரர் இப்பல்லாம் குடிக்கிறாராமேன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"இல்லன்னு சொல்லு."

"அப்ப ஏன் விழுந்தாருன்னு கேப்பா. அதுக்கு என்ன சொல்லட்டும்? சொல்லுங்க."

பையிலிருந்து உருண்ட வெங்காயத்தைப் பொறுக்கக் குனிந்தேன்.

"குடிகாரன்னு ஊரே சொல்லுது, அத தாங்கிக்கிறீங்க. சக்கரன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சிடும். அத சொல்ல மட்டும் வாய் வரல. இது என்ன வெக்கம்ங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம். அன்று மாலை ஊசி போடும்போது யோசித்தேன். ஒரு மனிதன் தன் நோயை மறைக்கத் தன் பெயரையே கொடுப்பானா? நான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் கத்திவாக்கம் போனேன். கழிமுகத்தின் கரையில் படகுகள் கட்டிக் கிடந்தன. தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கோல்கீப்பர் ஒரு படகின் நிழலில் கால் கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"இன்னா பாய், வூடு தேடி வந்துகீற? மஞ்ச கார்டு குடுக்க மறந்துட்டியா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்பா. எனக்குச் சக்கர இருக்கு. ஊசி போட்டுக்கறேன். அன்னிக்கி சரியா சாப்பிடாம வந்தேன். சக்கர எறங்கி, என்ன பண்றோம்னே தெரியாமப் பண்ணிட்டேன். அது பெனால்டி இல்ல. நீ பால சுத்தமா எடுத்த."

வெளி ஆள் ஒருவரிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் முறை. அவர் கொஞ்ச நேரம் ஊசியை வலையில் விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி என்னிய பாக்கணும்னு ஒரு கம்பெனி டீம்லேர்ந்து ஒருத்தர் வந்துருந்தாரு. ஆடனா வேல போட்டுக் குடுப்பாங்கோ. நீ கார்டு காட்டுனதும் எழுந்து போய்ட்டாரு."

எனக்கு இது தெரியாது.

"எங்க நைனாவுக்கு இந்த சக்கரையால கால்ல ரெண்டு வெரல எட்த்துட்டாங்கோ. அது இன்னா பேஜாருன்னு எனக்குத் தெரியும். நோவு வர்றது தப்பில்ல பாய். நீ ஒரு வார்த்த சொல்லிருந்தா அரை டைம்ல நாங்களே எதுனா குடிக்கக் குட்த்துருப்போமே. சொல்லாம வந்து நின்ன பாரு, அதான் தப்பு."

"என்ன செய்யட்டும், சொல்லு."

"எங்கிட்ட சொன்னத்த எழுதிக் குடு. கமிட்டிக்கு. சொம்மா வாயில சொன்னா போதாது. என் பேர்ல கார்டு கீது, ரெண்டு மேட்ச் தட கீது."

அங்கேயே படகின் பலகையில் வைத்து எழுதினேன். எனக்கு நீரிழிவு இருக்கிறது, இன்சுலின் எடுத்துக்கொள்கிறேன், அந்தத் தீர்ப்பு தவறு, அதற்கு நான் மட்டுமே பொறுப்பு. கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துப் பார்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை, கைகொடுக்கவும் இல்லை. அவர் தாய் மட்டும் குடிசைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "நாஸ்தா துன்னியா பாய்?" என்று கேட்டார். சாயங்காலம் ஐந்தரை மணி. நான் "துன்னேம்மா" என்றேன்.

சிவப்பு அட்டையை ரத்து செய்தார்கள். ஆட்ட முடிவு அப்படியே நின்றது. அந்தக் கம்பெனி ஆள் மறுபடி வரவில்லை. அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று என்று பின்னால் கேள்விப்பட்டேன். இதை என்னால் சரிசெய்ய முடியவில்லை. முடிந்தது போல எழுதவும் மனமில்லை.

கடிதத்தைப் படித்த செயலாளர் என்னை அழைத்தார். "இத முன்னாடியே சொல்லிருக்கலாம். சரி, திரும்ப வரணும்னா ரெண்டு வேணும். டாக்டர் லெட்டர் ஒண்ணு. அப்பால எல்லாருக்கும் வெக்கிற ஓட்டத் தேர்வு. சலுகை கெடையாது பாய்."

"சலுகை வேணாம்" என்றேன். சொல்லும்போது குரல் உறுதியாகத்தான் இருந்தது.

மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவில் எப்போதும் வரிசை நீளம். அங்கிருந்த டாக்டரம்மா என் சீட்டைப் புரட்டிவிட்டு, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்.

"ஃபிட்டர்மா. ஞாயித்துக்கிழம ஃபுட்பால் நடுவர். ஒரு ஆட்டத்துக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் ஓடுவேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஊசி எழுதினப்போ ஏன் இதச் சொல்லல? உக்காந்து வேலை செய்யற ஆள்னு நெனச்சு அளவு எழுதியிருக்கோம்."

"சொன்னா ஓடாதன்னு சொல்லுவீங்கன்னு பயந்தேன்."

"ஓடறது உங்களுக்கு மருந்து. நான் ஏன் வேணாம்னு சொல்லப்போறேன்? ஊசி, சாப்பாடு, ஓட்டம், மூணையும் ஒண்ணுக்கொண்ணு தெரியாம வெச்சிருந்தீங்க. அதான் விழுந்தீங்க."

ஓடுகிற நாளுக்கு ஊசி அளவு எவ்வளவு, ஓடாத நாளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தார். ஓடுவதற்கு முன்னால், நடுவில், முடிந்த பிறகு, மறுபடி மதியம் என்று விரலில் குத்திப் பார்த்து எழுதி வரச் சொன்னார். ஓடி முடித்துப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. எழுபதுக்குக் கீழே போனால் குளுக்கோஸ் சாப்பிட்டு, கால் மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும். "கால் மணி நேரம்னா கால் மணி நேரம். அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சுன்னு கெளம்பக் கூடாது" என்று இரண்டு முறை சொன்னார்.

மறுநாளே தொடங்கினேன். விடிந்ததும் வீட்டிலிருந்து கிளம்பி, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டிக் கடலோரச் சாலையில் வடக்கே ஓடி, திரும்பி வருவேன். ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கரை, மறுபக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரிகள். தூசி மூக்கில் ஏறும். இடுப்புப் பையில் சர்க்கரை பார்க்கும் மிஷின், குளுக்கோஸ் பொட்டலம் இரண்டு, பிஸ்கட். லாரி டிரைவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு வாரத்தில் அவர்களுக்கும் பழகிவிட்டது.

எழுதுவதுபோல எளிதாக இல்லை அது. முதல் வாரம் ஓடுவதற்கு முன் பயத்தில் அதிகம் சாப்பிட்டுவிட்டு, ஓடி வந்து பார்த்தால் இருநூற்று நாற்பது. அடுத்த வாரம் சாப்பாட்டைக் குறைத்தேன், துறைமுக வாசலருகே அறுபத்தாறு. கல்லில் உட்கார்ந்து குளுக்கோஸைக் கரைக்காமலே வாயில் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தேன். வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். நன்றாக இருக்கிறோம் என்று உடம்பு பொய் சொல்லும்போது அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். நான்கு முறை எழப் பார்த்தேன். நான்கு முறையும் உட்கார்ந்தேன்.

இரண்டாவது மாதம் புது ஷூ குதிகாலைக் கடித்திருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. தொழுகைக்குக் கால் கழுவும்போதுதான் தண்ணீரில் சிவப்பைப் பார்த்தேன். மைதானத்தில் விழுந்ததைவிட அது என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. புண் ஆற மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் ஓடவில்லை. தண்ணீர்க் குடங்களைத் தூக்கி இறக்கி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகால் அசைத்து, ஏதோ செய்தேன். நிறுத்தினால் திரும்பத் தொடங்க மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அன்றிலிருந்து தினமும் படுக்கப் போகுமுன் மனைவி என் இரண்டு பாதங்களையும் விளக்கில் திருப்பிப் பார்க்கிறாள். முதல் நாள் கூச்சமாக இருந்தது. "மார்க்கெட்டுல மீன் செவுள திருப்பிப் பாக்கறதில்லையா, அப்படித்தான்" என்றாள். சிரித்துவிட்டேன்.

நடுவில் நோன்பு மாதம் வந்தது. ஊசி போடுகிறவன் நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்பது வருடத்தில் முதல்முறையாகப் பகலில் சாப்பிட்டேன். முதல் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். மூன்றாம் நாள் தொழிற்சாலை கேன்டீனிலேயே டப்பாவைத் திறந்தேன். ஒருவர் புருவத்தை உயர்த்தினார். "சக்கர. ஊசி" என்றேன். அவ்வளவுதான். அவர் தன் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு போனார். இத்தனை வருடம் நான் பயந்தது இந்த இரண்டு வார்த்தைகளுக்குத்தானா என்று இருந்தது.

மழைக்காலம் முடிந்த பிறகு ஓட்டத் தேர்வு. குறிப்பிட்ட நேரத்துக்குள் மைதானத்தைப் பத்துச் சுற்று வர வேண்டும். என்னோடு ஓடியவர்கள் எல்லோரும் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள். ஏழாவது சுற்றில் எனக்கு முன்னால் மூன்று பேர்தான் இருந்தார்கள். நேரமும் கையில் இருந்தது. அப்போது கழுத்துக்குப் பின்னால் அந்தக் குளிர்ந்த வியர்வை.

மூன்று சுற்றுதான் மீதி. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாம். ஒருவேளை விழ மாட்டேன். பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் அன்று "தண்ணி" என்று சிரித்த சிலரும் இருந்தார்கள். ஆறு மாத உழைப்பு. இத்தனையும் அரைச் சுற்று ஓடும் நேரத்துக்குள் மனதில் வந்து போனது.

ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். பையைத் திறந்து விரலில் குத்தினேன். அறுபத்தொன்று. குளுக்கோஸைப் போட்டுக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் ஓடி முடித்தார்கள். செயலாளர் வந்து எதிரில் நின்றார்.

"அவ்ளோதானா பாய்?"

"இன்னிக்கி அவ்ளோதான்ணே. அடுத்த தேதி சொல்லுங்க."

அவர் என்னையும் மிஷினிலிருந்த எண்ணையும் பார்த்தார். "மூணு வாரம் கழிச்சு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீயா உக்காந்தது நல்லது" என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். தேர்வுக்கு முந்தின மாலை தொழிற்சாலையில் கூடுதலாக நான்கு மணி நேரம் கனமான பம்பு ஒன்றை இறக்கி ஏற்றியிருந்தேன். அதை ஓட்டமாக நான் கணக்கில் எடுக்கவில்லை. உடம்பு எடுத்திருந்தது. அடுத்த முறை தேர்வுக்கு முந்தைய நாள் விடுப்புப் போட்டேன். ஐந்தாவது சுற்றில், நிற்காமலே, பையிலிருந்து குளுக்கோஸை எடுத்து வாயில் கொட்டிக்கொண்டேன். பத்துச் சுற்றும் முடித்தபோது இன்னும் நாற்பது வினாடி மீதியிருந்தது. அன்று பார்க்கக் கூட்டம் எதுவும் இல்லை. செயலாளர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை இல்லாமல் சொல்லத் தெரிந்திருந்தது அவருக்கு.

இப்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னாலும் நாணயம் சுண்டும்போது இரண்டு கேப்டன்களிடமும் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, நான் சம்பந்தமில்லாமல் பேசினால் ஆட்டத்தை நிறுத்துங்கள், பை கோட்டுக்கு வெளியே இருக்கிறது. பெரும்பாலும் அவர்களில் ஒருவராவது, "எங்க வூட்லயும் கீது பாய்" என்பார்.

போன மாதம் தண்டையார்பேட்டையில் ஓர் ஆட்டம். தண்ணீர் இடைவேளையில் விரலில் குத்திப் பார்த்தேன். அறுபத்தெட்டு. மாற்று நடுவரிடம் விசிலைக் கொடுத்துவிட்டு, கோட்டோரம் நாற்காலியில் உட்கார்ந்து குளுக்கோஸ் குடித்தேன். ஆட்டம் தொடர்ந்தது. சுவர்மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் கத்தினார்:

"இன்னா பாய், சார்ஜ் போட்டுகினு கீறியா?"

"ஆமாம்பா. இன்னும் பன்னண்டு நிமிஷம் ஆவும்" என்று நானும் கத்தினேன்.

சுற்றிலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பன்னிரண்டு நிமிடம் முடிந்ததும் மறுபடி குத்திப் பார்த்தேன். நூற்றுப் பத்து. பந்து கோட்டைத் தாண்டி வெளியே போனது. மாற்று நடுவர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். எழுந்து உள்ளே போனேன்.